பழைய ஒன்றுக்குப் புதியது இரண்டு

பச்சை விளக்கு எரிந்தது.

எரிந்திருக்கக் கூடாது. மேசைமேல் இருந்தது வேண்டுமென்றே கெடுத்து வைத்த பம்ப். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பத்தில் மாட்டி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் ஏற்றுவார்களே, அந்தப் பம்ப். ஜார்ஜ்டவுன் தீவுக்கு எதிர்க்கரையில், ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் அதைச் செய்கிறார்கள். பெட்டியில் போடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் கணினி சோதிக்கும். சரியாக இருந்தால் பச்சை, தவறாக இருந்தால் சிவப்பு.

சோதனை செய்யும் நிரலில் யாராவது கைவைத்தால், அடுத்து முதல் வேலையாக இந்தக் கெட்ட பம்பை மாட்டிப் பார்க்க வேண்டும். இது மருந்தை அளவுக்கு மீறிய வேகத்தில் தள்ளும். ஆகவே சிவப்பு வர வேண்டும்.

அன்று நிரலில் கைவைத்தவள் நான்.

"மறுபடி ஓட்டிப் பாப்போம்லா மேடம்," என்றார் சுரேஷ். அந்தப் பிரிவின் மேனேஜர். நாற்பது வயது ஆகாதவர், எதற்கும் பதறாதவர்.

மறுபடி ஓட்டினோம். பச்சை. வேறொரு கெட்ட பம்பைக் கொண்டுவந்து மாட்டினோம். அதுவும் பச்சை. புது பிளாஸ்டிக்கின் வாசனையும் ஏர்கானின் குளிரும் நிறைந்த அந்த அறையில், அந்தச் சின்ன விளக்கு எவ்வளவு அழகாக எரிந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

"இதப் பாக்காம பழையபடி லைனைத் திறந்திருந்தா..." என்று ஆரம்பித்த சுரேஷ் அதை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அந்தப் பம்புகள் போய்ச் சேரும் இடம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஃபங்ஷன் என்றால் பிரியாணி இல்லை

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கு எழுதியிருந்தார். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் கல்யாணத்தைப் பற்றியும் எழுதியது படிக்க நன்றாக இருந்ததாம். 'பிலோமினா தன் கம்ப்யூட்டர் வேலையை எழுத ஆரம்பித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது' என்று முடித்திருந்தார்.

அவர் பயந்தது நடந்துவிட்டது. ஆனால் இது கம்ப்யூட்டரைப் பற்றிய கதை இல்லை. நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிரலில் ஃபங்ஷன் என்று ஒன்று உண்டு. என் அம்மாவுக்கு ஃபங்ஷன் என்றால் ஞானஸ்நானம், கல்யாணம், பிரியாணி. "இன்னிக்கு ஒரு பழைய ஃபங்ஷன எடுத்துட்டோம்மா" என்று ஒருமுறை சொன்னபோது, "யாரு வீட்டு ஃபங்ஷன், ஏன் நிறுத்திட்டாங்க?" என்று கேட்டார். நிரலில் ஃபங்ஷன் என்பது ஒரு சின்ன வேலையாள் மாதிரி. கூப்பிட்டால் வரும், தன் ஒரு வேலையைச் செய்யும், போய்விடும்.

மேக்ரோ அதற்கும் ஒரு படி மேலே. அது நிரலை எழுதும் நிரல். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் மாதிரிகள் வைத்திருப்பார்கள் அல்லவா? பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம், நேரம். இவற்றைக் கொடுத்தால் போதும், மீதி எழுத்தெல்லாம் தானாக வந்துவிடும். பம்பில் பல மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சோதனை எழுதிக்கொண்டிருக்காமல் மாதிரியை ஒருமுறை எழுதி வைத்தால், மாடலின் விவரத்தை வைத்துக் கணினியே சோதனையை எழுதிக்கொள்ளும்.

இதில் தொல்லை தருவது பெயர்.

எங்கள் கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது 'மேரி' என்று கூப்பிட்டால் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் திரும்புவார்கள். மேக்ரோவிலும் அதே கதைதான். மாதிரிக்குள் 'லிமிட்' என்று ஒரு பெயர் இருக்கும். மாதிரியைப் பயன்படுத்துகிறவர் தன் பக்கத்திலும் 'லிமிட்' என்று ஒன்றை வைத்திருப்பார். இரண்டும் ஒன்றா, வேறா?

பெயர் வைப்பதற்கென்று இருந்த பழைய ஃபங்ஷன் அதைப் பற்றிக் கவலைப்படாது. பெயர் ஒன்று என்றால் ஆளும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளும். இதனால் பல பேருக்குப் பல தொல்லைகள் வந்து, கடைசியில் இந்த நிரல் எழுதப்பட்ட கணினி மொழியைப் பராமரிப்பவர்கள் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் இரண்டு கொடுத்தார்கள். ஒன்று, மாதிரிக்குள் இருக்கும் பெயரை உள்ளேயே பூட்டி வைக்கும். வெளியே அதே பெயரில் யார் இருந்தாலும் கலக்காது. மற்றது, 'வெளியே இருக்கும் ஆளைத்தான் கூப்பிடுகிறேன்' என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுக்கும்.

ஜுருவில் பழைய கணினிகளை மாற்றினார்கள். புதிய கணினிகளில் அந்த மொழியின் புதிய பதிப்பு மட்டுமே ஓடும். புதிய பதிப்பில் பழைய ஃபங்ஷன் கிடையாது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுத்தர என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் வேலையை விட்டபிறகு ஜார்ஜ்டவுனில் வீட்டிலிருந்தே நான் இப்படிப்பட்ட வேலைகள்தான் செய்கிறேன்.

வழிகாட்டிக் குறிப்பில் சொன்னபடி எல்லா இடத்திலும் முதல் வகையைப் போட்டேன். உள்ளே பூட்டும் வகை. நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. அதன்பிறகுதான் அந்தப் பச்சை விளக்கு.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பம்ப் தாண்டக் கூடாத வேகம் எது என்பது வெளியிலிருந்து வர வேண்டும். நான் பெயரை உள்ளே பூட்டிவிட்டதால், உள்ளே சும்மா இருந்த ஒரு பெரிய எண்ணை அது எடுத்துக்கொண்டது. எந்தப் பம்பும் அந்த எண்ணைத் தாண்டாது.

அதாவது, நிரலை எழுதியவர் அந்த இடத்தில் வெளியே இருக்கும் பெயர் கையில் கிடைக்க வேண்டும் என்று திட்டமிட்டே எழுதியிருக்கிறார். வேறு சில இடங்களில் அது தெரியாமல் நடந்த கலப்பு. எது திட்டம், எது தெரியாமல் நடந்தது? எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். முக்கால்வாசி இடங்களை நானே யோசித்துப் பிரித்துவிடலாம். மீதியை ஊகிக்கலாம். நோயாளியின் நரம்பில் மருந்து ஏற்றும் இயந்திரத்தில் ஊகத்துக்கு இடமில்லை.

"எழுதினவரையே கேட்டுட்டா முடிஞ்சிச்சே மேடம்," என்றார் சுரேஷ். "அவரு நம்பர் இருக்கா?"

இருந்தது. ஆனால் அந்த நம்பரில் பேச அவரால் முடியாது.

கனகு

எழுதியவர் கனகசபை. அவரும் நானும் பாயான் லெப்பாஸில் ஒரே ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து மேசை. இருபது வருஷம் சண்டை போட்டதில் 'நீங்க' தேய்ந்து 'நீ' ஆகிவிட்டது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

சண்டை எல்லாம் வேலையைப் பற்றித்தான். நிரலில் எண்ணைப் போட்டு வைக்கும் ஒரு பெட்டிக்குப் பெயர் 'லிமிட்' என்று இருக்கலாமா, 'உச்ச லிமிட்' என்று இருக்க வேண்டுமா என்று ஒருநாள் கேன்டீனில் ஆரம்பித்தோம். எதிரே இருந்த மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிப்போய், பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலையில் கனகு எனக்குப் பால் இல்லாத கோப்பி ஓ வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்தார். நான் சொன்னது சரி என்று அதற்கு அர்த்தம்.

நிரலில் விளக்கம் எழுதி வைக்கவே மாட்டார். "ஒழுங்கா எழுதினா அதுவே பேசும் பிலோ," என்பார். நான் எவ்வளவோ கத்தியிருக்கிறேன்.

ஆபீஸை விட்டபிறகு அவர் தனியாக எடுத்துச் செய்த பெரிய வேலை, ஜுருவின் இந்தச் சோதனை நிரல். அது முடிந்த கொஞ்ச நாளில் பக்கவாதம். வலது கை பலமிழந்தது. பேச்சு போனது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவரிடம் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சமிருந்தது.

"நாளைக்கு."

அது ஏன் அந்தச் சொல் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. சிலருக்கு ஒரு சொல் மட்டும் அப்படித் தங்கிவிடுமாம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் நாளைக்கு. வலிக்கிறதா என்றாலும் நாளைக்கு. எழுதிக் காட்டலாம் என்றால் தமிழ், மலாய், ஆங்கிலம் எதுவும் வரவில்லை. அவர் மனைவி செல்வி, அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்தே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருந்த ஃபிளாட் மேல்மாடியில். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும். அதனால் மலைக்கு அப்பால் பாலிக் புலாவில் செல்வியின் அப்பா விட்டுச்சென்ற தரைவீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் இடையிடையே போய்ப் பார்ப்பேன். போகிற எல்லாரையும் போல நானும் அவர் "நாளைக்கு" என்றதும் "ஆமா ஆமா" என்று தலையாட்டிவிட்டு வருவேன். அந்தத் தலையாட்டலை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

செல்வி வேண்டாம் என்றாள்

செல்விக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னணியில் தோட்டத்துச் சேவல் கூவியது.

"வேணாம்க்கா," என்றாள்.

"ஏன் செல்வி?"

"பேச்சுப் பயிற்சிக்கு ஒரு மிஸ் வராங்க. படம் போட்ட அட்டையக் காட்டி, பூனை எது, ஆப்பிள் எதுன்னு கேக்குறாங்க. இவரு முகத்தத் திருப்பிக்கிறாரு. தெரியலையா, பிடிக்கலையான்னு எனக்கே புரியல. பூனைன்னா பரவால்லக்கா. நீங்க கொண்டு வர்றது அவரு சொந்தமா எழுதினது. அதுவும் புரியலன்னா அவருக்கே தெரிஞ்சிரும். அப்புறம் நான் அவர எப்படிப் பாத்துக்கிறது?"

ஜுருவில் லைன் நின்றிருக்கிறது என்றோ, பம்புக்காக ஆஸ்பத்திரிகள் காத்திருக்கின்றன என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் சொன்ன பயம் அதைவிடச் சின்னது இல்லை.

மாலையில் அவளே கூப்பிட்டாள். "சமைச்சுக்கிட்டே உங்க விஷயத்தப் புலம்பிக்கிட்டு இருந்தேன்க்கா. ஜுரு, பம்ப்னு சொன்னேன். பின்னாடி திரும்பிப் பாத்தா சட்டை மாத்திக்கிட்டு உக்காந்திருக்காரு. ஒத்தக் கையால பட்டன் போட்டிருக்காரு. நாளைக்குக் காலையில வாங்க."

தட்டைத் திருப்பி வைப்பது

தீவையும் எதிர்க்கரையையும் இணைக்கும் பாலத்தில் கார் ஓட்ட எனக்குப் பிடிக்காது. ஜுருவுக்குப் போக வேண்டுமென்றால் ஃபெரியில் பட்டர்வொர்த் போய், கம்பெனி வேனில் ஏறிக்கொள்வேன். ஆனால் பாலிக் புலாவுக்குப் போகும் மலைப்பாதை எனக்குப் பிடிக்கும். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்துகொண்டே வரும். டுரியான் காலம் அது. காருக்குள்ளேயும் வாசனை.

கனகு முன்னறையில் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. செல்வி அந்த ஊருக்கே உரிய ஜாதிக்காய்ச் சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, போகவும் மனமில்லாமல் நிற்கவும் மனமில்லாமல் கதவோரம் நின்றாள்.

மடிக்கணினியில் அவர் எழுதிய பழைய நிரலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். "பழைய ஃபங்ஷன எடுத்துட்டாங்க கனகு. இப்ப ரெண்டு இருக்கு," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. மறுபடி பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார்.

கதவோரம் நின்ற செல்வியின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள்தான் மேசைக்கு வந்தாள். "ஐயோ, சொல்ல மறந்துட்டேன்க்கா. வலப்பக்கம் இவருக்குச் சரியா தெரியாது. சோறு போட்டா தட்டுல பாதி அப்படியே இருக்கும். நான்தான் தட்டத் திருப்பித் திருப்பி வைப்பேன்." சொல்லிக்கொண்டே கணினியை அவருடைய இடது பக்கமாக நகர்த்தினாள். எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னாள்.

வரிகளின் பின்பாதி அதுவரை அவருக்குத் தெரியவே இல்லை. அரைகுறை வரிகளைப் பார்த்துத்தான் முகத்தைத் திருப்பியிருக்கிறார்.

கனகு முன்னால் சாய்ந்தார். இடது கையின் ஆள்காட்டி விரல் திரையைத் தொடாமல், வரியை ஒட்டி மெதுவாக நகர்ந்தது. ஒரு வரி. அடுத்த வரி. பிறகு விரல் நின்றது. அது அந்தப் பெரிய எண் இருந்த வரி.

"நாளைக்கு," என்றார். கேட்டது எனக்குப் பழகிய குரல். 'இங்க பாத்தியா' என்று ஆபீஸில் கூப்பிடுவாரே, அதே குரல்.

செல்வி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கோப்பையும் ஜாதிக்காயும்

ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதுகூட அவருக்குச் சில நேரம் மாறிப்போகும். அதனால் மேசைமேல் இரண்டு பொருள் வைத்தேன். காலிக் கோப்பை ஒன்று, ஜாதிக்காய் ஒன்று. "வேணும்னே வெளியிலேருந்து எடுத்ததுன்னா கோப்பையத் தொடு. உள்ளேயே பூட்டணும்னா ஜாதிக்காய்."

முதலில் விடை எனக்கே தெரிந்த இடங்களைக் காட்டினேன். அவர் விரலை நம்பலாமா என்று பார்க்க வேண்டுமே. கோப்பை. சரி. ஜாதிக்காய். சரி. கோப்பை. சரி. நான்காவதைக் காட்டியபோது விரல் எதையும் தொடவில்லை. நிமிர்ந்து என்னை முறைத்தார். பரீட்சை வைக்கிறேன் என்று கண்டுபிடித்துவிட்டார்.

"சரி, சரி. மன்னிச்சுக்க," என்று உண்மையான சந்தேகங்களுக்கு வந்தேன்.

மெதுவாகத்தான் போனது. ஒவ்வொரு இடத்துக்கும் விரல் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போகும். அவர் களைத்துப்போனால் நிறுத்தினோம். செல்வி சோறு போட்டாள், மிளகாய்ச் சம்பாலும் மீனும். தட்டைப் பாதியில் திருப்பி வைத்தாள். தூங்கி எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அன்று முடியவில்லை. அந்த வாரம் முழுக்கப் போனேன்.

ஜாதிக்காயைத் தொட்ட இடங்களில் முதல் வகையைப் போட்டேன். கோப்பையைத் தொட்ட இடங்களில் இரண்டாம் வகையைப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய ஃபங்ஷனின் பெயர் திரையிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. வருத்தப்படுவாரோ என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நான் தட்டச்சு செய்யும் வேகம் போதாது என்று விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

சண்டை

கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தது வினை.

குழந்தைகளுக்கான சின்ன பம்பின் சோதனை அது. கனகு கோப்பையைத் தொட்டார். நான் படித்த வரையில் அங்கே வெளியிலிருந்து எடுக்க ஒரு காரணமும் இல்லை. தெரியாமல் நடந்த கலப்பு.

"இது ஜாதிக்காய்தானே?" என்றேன்.

கோப்பை.

"மேல பாரு. முந்தின சோதனையோட அளவு இதுக்குள்ள வந்து விழுது. அது வரக் கூடாது."

கோப்பை. இந்த முறை கோப்பை நகரும்படி அழுத்தினார்.

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நோயாளி வீட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிட்டது. "நீ சொல்றது தப்பு கனகு! தப்புன்னா தப்புதான்!" என்று கத்திவிட்டேன்.

"நாளைக்கு!" என்று அவரும் கத்தினார். இடது கையால் மேசையை ஓங்கி அடித்தார். "நாளைக்கு! நாளைக்கு!"

"கத்தினா சரியாயிருமா?"

"நாளைக்கு!"

பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த செல்வி, கையில் குழாயோடு ஓடி வந்தாள். அவருக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள். வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கனகுவின் முகம் சிவந்து, கண்கள் பளபளத்து, மூச்சு வாங்கியது. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டித் தரை நனைந்துகொண்டிருந்தது. நான் எழுந்து, "மன்னிச்சிரு செல்வி, நான் இப்படி..." என்று தடுமாறினேன்.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"சும்மா இருங்கக்கா. இவருக்கு இப்படி ஆனதிலேருந்து யாருமே இவர்கிட்ட தப்புன்னு சொன்னதில்ல. நான்கூட இல்ல. என்ன செஞ்சாலும் சரி சரின்னே சொல்லிக்கிட்டு இருக்கோம். இன்னிக்குத்தான் என் வீட்டுக்காரரு குரல் எனக்குக் கேட்டுச்சு."

சொல்லாதீங்க மேடம்

அடுத்த நாள் ஜுருவில் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்தோம். கெட்ட பம்புகள் எல்லாவற்றுக்கும் சிவப்பு வந்தது. எந்த மாடலிலும் தப்பவில்லை. சுரேஷ் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

அந்தக் குழந்தைகள் பம்பில் ஒரு பழைய தொந்தரவு இருந்ததாம். நல்ல பம்பாக இருந்தாலும் முதல் முறை சிவப்பு வரும், இரண்டாம் முறை ஓட்டினால் பச்சை வரும். சென்சார் கோளாறு என்று நினைத்து, எப்போதும் இரண்டு முறை ஓட்டியே பழகிவிட்டார்கள். கனகு சொன்னபடி கோப்பை வகையைப் போட்டோம். அதே தொந்தரவு. நான் சொன்னபடி உள்ளே பூட்டினோம். முதல் முறையிலேயே பச்சை.

முந்தைய சோதனையின் அளவு உள்ளே வந்து விழுந்துகொண்டிருந்ததுதான் காரணம். யாருக்கும் ஆபத்தில்லாத பிழை. ஆனால் பிழை. கனகுவின் பிழை.

"அவர்கிட்ட இதச் சொல்லாதீங்க மேடம்," என்றார் சுரேஷ். நல்ல மனதோடுதான் சொன்னார். "பாவம்லா. ரொம்ப உதவி செஞ்சிருக்காரு. எல்லாம் சரியா வந்துச்சுன்னு மட்டும் சொல்லிருங்க."

ஃபெரியில் திரும்பும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லாமல் விட்டால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அப்புறம் நானும் 'ஆமா ஆமா' என்று தலையாட்டுகிறவர்களில் ஒருத்தியாகிவிடுவேன். அவருடைய மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டதற்குப் பிறகு என்னால் அது முடியாது.

மறுநாள் போய், கணினியை அவருடைய இடது பக்கம் வைத்தேன். "நீ சொன்னது தப்பு. நான் சொன்னதுதான் சரி. நீயே பாரு," என்றேன்.

அவர் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, சாறு டம்ளரில் போட்ட ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. விரல் மேலே போனது, கீழே வந்தது, ஒரு வரியில் நின்றது. பிறகு தோள்கள் குலுங்கின. நான் பயந்துபோனேன். பார்த்தால் சிரிக்கிறார். ஓரமாக இழுத்துக்கொண்ட வாயோடு, சத்தமே வராமல் சிரிக்கிறார்.

இடது கையால் கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த இடத்தில் நான் விட்டுவைத்திருந்த பழைய ஃபங்ஷனை எழுத்து எழுத்தாக அழித்தார். மேலே இருந்த இன்னொரு வரியைப் பார்த்துப் பார்த்து, புதியதைத் தானே ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். அந்த ஒரு சொல்லுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் உதவவில்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

திரும்பிய வண்டி

ஜுரு வேலை முடிந்துவிட்டது. லைன் ஓடுகிறது. ஆனால் நான் பாலிக் புலாவுக்குப் போவது நிற்கவில்லை. யாருக்கு எதை எழுதினாலும், கொடுப்பதற்கு முன் கனகுவிடம் ஒருமுறை காட்டிவிடுகிறேன். பேச்சு இன்னும் வரவில்லை. பூனை அட்டையைக் காட்டினால் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வரும் என்று நான் எழுதினால் அது பொய்.

அண்மையில் ஒருநாள், நான் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுதிய ஒரு மேக்ரோவைக் கொண்டுபோனேன். எனக்கே அது பெருமையாக இருந்தது. கனகு படித்தார். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து அழுத்தினார். பிறகு கணினியை மூடியே விட்டார்.

"என்ன தப்பு அதுல?" என்றேன். திறந்து விளக்கினேன். மறுபடி மூடினார். குரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். சாற்றைக்கூடக் குடிக்காமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கேட்டருகில் செல்வி, "கோவமாக்கா?" என்றாள்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட மனுஷன் பேச முடியாது செல்வி!"

சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கல்யாணமான நாள்லேருந்து நானும் அதத்தான் சொல்றேன்," என்றாள் செல்வி, கேட்டைத் திறந்துகொண்டே.

மலைப்பாதையில் பாதி ஏறியிருப்பேன். கோபத்தில் வளைவுகள்கூடக் கண்ணில் படவில்லை. டுரியான் விற்கும் கொட்டகைக்கு முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது, அதன் பின்னால் நானும் நிற்க வேண்டியிருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்த வரியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு பெயர். அதை நான் உள்ளே பூட்டியிருந்தேன். வெளியே அதே பெயரில் யார் இருக்கிறார், அவரை யார் கூப்பிடப்போகிறார் என்று ஒருமுறை நிதானமாக யோசித்தேன். விரல் சரியான இடத்தில்தான் இருந்தது.

லாரி நகர்ந்தது. பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார். நான் ஓரமாக ஒதுங்கி, வண்டியைத் திருப்பினேன்.

செல்வி கேட்டைத் திறந்தாள். உள்ளே கனகு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் கோபத்தில் தள்ளிவிட்டுப் போன நாற்காலியை, ஒற்றைக் கையால் இழுத்துத் தனக்கு எதிரே நேராகப் போட்டு வைத்திருந்தார்.